சம்மாட்டியாரின் பிணை மனு

"வேதாரணியம் என்ன ஐயா, எங்கட சம்மாட்டியாரின்ர கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தியாவில போய் இறங்குவார்!"

இதைச் சொன்னபோது ரஞ்சன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சாட்சிக் கூண்டின் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பெருமை தாங்காமல் நீதிபதியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எதிரே இருந்த அரச சட்டவாதி பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சம்மாட்டியாரின் சட்டத்தரணியான எனக்குத் தலையில் கை வைக்காத குறை. ஏனென்றால் ரஞ்சன் எங்கள் பக்கத்து ஆள். சின்னராசா சம்மாட்டியார் எங்கும் ஓடிப்போக மாட்டார் என்று உறுதி சொல்லி, பிணை நின்று அவரை வெளியே எடுப்பதற்காகத் திரியாயிலிருந்து புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தவர்.

சம்மாட்டி என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. படகும் வலையும் சொந்தமாக வைத்து, ஆட்களைக் கொண்டு தொழில் நடத்துகிறவர் சம்மாட்டி. ரஞ்சன் அவருடைய படகுகளில் ஒன்றை ஓட்டுகிறவர். இருவருக்கும் இடையில் ஒரு தகராறும் கிடையாது. அதுதான் அன்றைக்கு வந்த வினை.

மாமியாரும் மேல் நீதிமன்றமும்

வழக்கு இதுதான். கரையில் படகு ஏற்றி வைக்கும் இடத்தைப் பற்றிப் பக்கத்து வாடிக்காரரோடு, அதாவது பக்கத்து மீன்பிடிக் கொட்டில்காரரோடு, ஒரு சண்டை. சண்டையில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவருக்குத் துடுப்படி விழுந்து கை முறிந்தது. அடித்தவர் சம்மாட்டியார் என்று வழக்கு. கொலை முயற்சி என்று தொடங்கி, விசாரணை முடிவில் கடுங்காயம் என்று இறங்கி, இரண்டு வருடச் சிறைத்தண்டனையில் வந்து நின்றது.

துடுப்பு யாருடைய கையில் இருந்தது என்பதில் சாட்சிகள் ஆளுக்கொரு கதை சொல்லியிருந்தார்கள். ஆகவே மேன்முறையீடு செய்தோம். மேன்முறையீடு கொழும்பில் கேட்கப்படும் வரை அவரைப் பிணையில் விடும்படி மனுப் போட்டோம்.

தீர்ப்புக்கு முன் கேட்கும் பிணை வேறு, பின் கேட்கும் பிணை வேறு. முன்னால் கேட்கும்போது ஆள் இன்னும் குற்றவாளி இல்லை. சட்டம் கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்து நிற்கும். தண்டனை விழுந்த பிறகு அந்தச் சாய்வு போய்விடும். விதிவிலக்கான காரணம் இருந்தால் காட்டு என்பார்கள்.

அதிலும் பெரிய சங்கடம், தண்டித்த அதே நீதிபதியிடம்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும். "ஐயா, உங்கள் தீர்ப்பு அருமையான தீர்ப்பு, ஆனால் கொழும்பில் அதை மாற்றினாலும் மாற்றுவார்கள்" என்பதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். மாமியாரிடம் குழம்புக்கு உப்புக் காணாது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது இலகுவாக வரும். எனக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை, என் மாமியார் நன்றாகச் சமைப்பார். பத்திரிகையில் வரும் இந்தத் தொடரை அவர் ஒரு கிழமையும் விடாமல் படிக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

விதிவிலக்கான மாடு

விதிவிலக்கான காரணம் என்ற சொல் எங்கள் ஆட்களின் கற்பனையை நன்றாகத் தட்டி எழுப்பிவிடும்.

தோப்பூரிலிருந்து வந்த ஒரு கமக்காரர் அறுவடையைக் காரணம் காட்டினார். "அறுவடை வருடத்துக்கு இரண்டு தரம் வருகிறது, அதில் என்ன விதிவிலக்கு?" என்று நீதிபதி கேட்டார். இன்னொருவர் இரத்த அழுத்தத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கொண்டு வந்தார். திகதியைப் பார்த்தால் தீர்ப்புச் சொன்ன மறுநாள். "தீர்ப்பைக் கேட்டால் யாருக்கும் பிரஷர் ஏறத்தானே செய்யும்" என்று அதுவும் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தவர் மாட்டுக்காரர். அவருடைய மாடு வேறு யாரையும் பால் கறக்க விடாதாம். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "மாட்டைக் கூட்டி வந்தீரா?" என்றார். மனுசன் உண்மையாகவே, "ஐயா சொன்னால் நாளைக்குக் கொண்டு வாறன்" என்றார். நீதிமன்ற வளவுக்குள் மான்கள் நினைத்த நேரம் வந்து போகிற ஊர் இது. மாடும் வந்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள்.

சம்மாட்டியார் விடயத்தில் எனக்கு இப்படி எதையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வழக்கு நடவடிக்கை முழுவதையும் தட்டச்சுச் செய்து, சரிபார்த்து, கட்டுக்கட்டாகக் கொழும்புக்கு அனுப்பி, அங்கே முறை வருவதற்குள் இரண்டு வருடம் கடந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் முழுத் தண்டனையையும் இருந்து முடித்து, வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, நீர் குற்றவாளி அல்ல என்று தகவல் வரும்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பறித்த வருடங்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு நீதிமன்றத்தாலும் ஏலாது.

மறுபக்கமும் இருந்தது. கை முறிந்தவரின் மனைவி ஒவ்வொரு தவணைக்கும் வந்து பின்வாங்கில் உட்கார்ந்திருப்பார். தண்டிக்கப்பட்ட ஆள் அடுத்த கிழமையே கடற்கரையில் கையை வீசிக்கொண்டு நடந்தால் அந்த மனுசிக்கு எப்படி இருக்கும்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் எங்கள் பக்கத்தை வாதாட வேண்டியிருந்தது.

அன்னமக்கா சொன்ன கதை

மனு விசாரணைக்கு முந்திய கிழமை சம்மாட்டியாரின் மனைவி அன்னமக்கா ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பார்சல் கருவாடு. அதன் வாசம் அலுமாரிக்குள் இருந்த சட்டப் புத்தகங்களில் ஏறி, மழைக்காலம் வரைக்கும் போகவில்லை.

"அரசாங்கப் பக்கம் என்ன சொல்லப்போகுது, பிள்ளை?" என்று கேட்டார்.

"படகு இருக்கு, ஒரு பொழுதில இந்தியாவுக்கு ஓடியிருவார் எண்டு சொல்லுவினம், அக்கா."

அன்னமக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"இந்த மனுசனோ? படகிலயோ? பிள்ளை, ஒரு கதை சொல்லுறன், வெளியில போகக்கூடாது. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஏறி இருந்த உடன சத்தி, ஒரே வாந்தி."

"எப்பவாவதா?"

"எப்பவும்தான். கலியாணம் முடிச்ச புதுசில லோஞ்சில மூதூருக்குக் கூட்டிக்கொண்டு போனவர். இறங்கேக்க நான்தான் அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கினனான். அதுக்குப் பிறகு மனுசன் கடலில கால் வைக்கேல்லை."

எனக்கு நம்ப முடியவில்லை. சூறாவளியில் பிளந்த படகைத் தன் தோளால் முட்டுக்கொடுத்துக் கரை சேர்த்த கதையைச் சம்மாட்டியார் எனக்கே சொல்லியிருக்கிறார். அன்னமக்காவிடம் அதைக் கேட்டேன்.

"அண்டைக்கு அந்தத் தோள் எங்கட விறாந்தையில பாய் போட்டுப் படுத்திருந்தது" என்றார்.

பிறகு முழு ஏற்பாட்டையும் விளக்கினார். படகு தள்ளும்போது சம்மாட்டியார் இடுப்பளவு தண்ணீரில் நின்று எல்லோரையும் விடப் பெரிதாகச் சத்தம் போடுவார். கற்பூரம் கொளுத்துவார். ரஞ்சனின் ஆட்களிடம் மற்றப் படகில் வருகிறேன் என்பார். மற்றப் படகுக்காரரிடம் ரஞ்சனோடு போகிறேன் என்பார். இரண்டும் போன பிறகு வாடிக்குள் போய்ப் படுத்துவிடுவார். படகுகள் திரும்பும் நேரம் பார்த்து மறுபடியும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். மீன் வாங்க வரும் வியாபாரிகளுக்கு நனைந்த சாரமும் கரகரத்த குரலும்தான் தெரியும்.

"இது வேற ஆருக்கும் தெரியுமோ, அக்கா?"

"எனக்கும் பிள்ளையாருக்கும்தான். இப்ப உங்களுக்கு."

"ஆம்பிளையா நடக்கவேணும்"

இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கப்போவதில்லை. கடலில் ஓடிவிடுவார் என்று சொல்லும் அரசுக்கு, கடலில் கால் மணி நேரம் நிமிர்ந்து இருக்க மாட்டார் என்று பதில். மகிழ்ச்சியோடு சிறைச்சாலைக்குப் போனேன்.

சம்மாட்டியார் என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்.

"அன்னம் சொல்லிப்போட்டாளோ?"

"ஓம். சம்மாட்டியார், இது உங்களுக்கு நல்லது..."

"பிள்ளை, அதை மட்டும் கோட்டில எடுக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"எடுக்காட்டில் பிணை கிடைக்காமல் போகலாம். ரெண்டு வருசம் சும்மா இல்லை."

"தெரியும். இஞ்ச ஒவ்வொரு நாளும் எப்பிடிப் போகுது எண்டு எனக்குத் தெரியும்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். மெலிந்திருந்தார். கன்னத்து மயிர் வெள்ளையாக வளர்ந்திருந்தது. "ரெண்டு வருசம் இருந்திட்டுப் போனாலும் வாடியில நான் ஆம்பிளையா நடக்கவேணும். கடலுக்குப் போகாத சம்மாட்டியை ஆர் சம்மாட்டி எண்டு கூப்பிடுவான்?"

எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் கட்சிக்காரர் வேண்டாம் என்று சொன்ன கதையைச் சட்டத்தரணி எடுக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அன்னமக்காவுக்கும் அதையே சொன்னேன். அவர் பதிலுக்குச் சொன்னதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

எழுதாதேங்கோ ஐயா

விசாரணை நாளன்று எதிர்பார்த்தபடியே நடந்தது. அரச சட்டவாதி இளம் வயது, நல்ல சுறுசுறுப்பு. மனுதாரரிடம் இயந்திரப் படகுகள் இருக்கின்றன என்றார். கடவுச்சீட்டு எடுக்கவேயில்லை என்று நான் சொன்னதற்கு, படகு உள்ளவருக்குக் கடவுச்சீட்டு எதற்கு என்றார். நான் தட்டச்சையும் கொழும்பு வரிசையையும் பற்றி என்னால் இயன்றவரை சொன்னேன். நீதிபதி கவனமாகக் கேட்டார், ஆனால் அவருடைய கண் அந்தப் படகுகளை விட்டு நகரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிணை நிற்க வந்தவர்களை விசாரிக்கும் கட்டம் வந்தது. ரஞ்சன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். ஊர், தொழில், உறவு எல்லாம் சரியாகச் சொன்னார். அரச சட்டவாதி அனுமதி வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் சம்மாட்டியார் கடல் தெரிந்தவரா? இங்கிருந்து வேதாரணியம் வரைக்கும் படகில் போகக்கூடியவரா?"

தன் முதலாளியைக் குறைத்துக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார் ரஞ்சன். அப்போது சொன்னதுதான் நான் தொடக்கத்தில் எழுதிய பதில்.

 நீதிபதி பழைய ஆள். அளவுக்கு மேல் நல்ல சாட்சியத்தைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வழக்கம். துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"கடைசியாக எப்போது இவரைக் கடலில் கண்டீர்?"

ரஞ்சன் மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தார். "போன... போன கச்சான் காத்து நேரம், ஐயா."

"எந்தப் படகில்?"

"மற்றப் படகில."

"மற்றப் படகில் இருந்தவரை நீர் எப்படிக் கண்டீர்?"

"பக்கத்தில வந்தவர் ஐயா. கை காட்டினவர்."

"சத்தியம் செய்திருக்கிறீர். பொய்யென்றால் உம்மை நான் உள்ளே அனுப்ப வேண்டி வரும். யோசித்துச் சொல்லும். உமது கண்ணால் கண்டீரா? நான் எழுதிக்கொள்ளப் போகிறேன்."

நீதிபதி பேனையை எடுத்தார். ரஞ்சனின் கழுத்தில் வியர்வை இறங்கியது. திரும்பிச் சம்மாட்டியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, "ஓம் ஐயா" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"எழுதாதேங்கோ ஐயா!"

கைதிக் கூண்டிலிருந்து வந்த சத்தம். படகு தள்ளும்போது போடும் அதே சத்தம். வெளியே மரத்தடியில் நின்றவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். காவலர் தோளில் கை வைத்ததையும் பொருட்படுத்தாமல் சம்மாட்டியார் எழுந்து நின்றார்.

"அவன் பொய் சொல்லுறான் ஐயா. எனக்காகச் சொல்லுறான். அவனுக்குப் பச்சைப் பிள்ளையள் இருக்கு, அவனை உள்ள போடாதேங்கோ. நான் கடலுக்குப் போறேல்லை. ஒருநாளும் போனதில்லை. படகில ஏறினால் எனக்குச் சத்தி வரும்."

இவ்வளவு நாளும் தன்னுடைய இரண்டு வருடத்துக்காகச் சொல்ல மறுத்ததை, ரஞ்சனுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் தலை குனிந்து நின்றார். 

ரஞ்சன்தான் முதலில் வாயைத் திறந்தார். நீதிபதியை மறந்துவிட்டார்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே, சம்மாட்டியார்."

சம்மாட்டியார் நிமிர்ந்தார். "என்ன தெரியும்?"

"சத்திக் கதை."

"எப்பயிலிருந்து?"

"நான் வேலைக்கு வந்த முதல் கிழமையில இருந்து."

"மற்றவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். வாடிக்கு வெளியில நாங்கள் கதைக்கிறேல்லை. கடலில நடக்கிறதை வந்து உங்களுக்கு விளக்கமாச் சொல்லுறது ஏனெண்டு நினைச்சனீங்கள்? தேத்தண்ணிக் கடையில நீங்கள் பிழையாச் சொல்லிப்போடக் கூடாதெண்டுதான்."

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் சிரித்தது அன்னமக்கா. பிறகு வாங்குகள் முழுவதும். கை முறிந்தவரின் மனைவி கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதை நான் கண்டேன். அமைதி, அமைதி என்று கத்திய நீதிமன்ற முதலியாரின் குரலே நடுங்கியது.

சம்மாட்டியார் சிரிக்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். தன்னைக் காப்பாற்ற இத்தனை பேர் இத்தனை காலம் பொய் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.  

அரச சட்டவாதி எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, படகு பற்றிய ஆட்சேபத்தை நான் வலியுறுத்தவில்லை" என்று சொல்லிவிட்டு, முகத்தை வழக்குக் கோவைக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசி நிபந்தனை

நீதிபதி ரஞ்சனை ஒரு பாட்டம் கண்டித்தார். இன்னும் எழுதவில்லை என்பதால்தான் தப்பினீர் என்றார். பிறகு கட்டளையைச் சொன்னார். சாட்சியங்களில் மேன்முறையீட்டுக்கு இடமுள்ள முரண்கள் உண்டு, மேன்முறையீடு கேட்கப்படுவதற்குள் தண்டனையே முடிந்துவிடக்கூடும், ஆகவே பிணை வழங்கப்படுகிறது.

நிபந்தனைகளை வாசித்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பொலிசில் கையெழுத்து. கை முறிந்தவரின் வீட்டுப் பக்கமோ வாடிப் பக்கமோ போகக்கூடாது. இதைச் சொல்லும்போது பின்வாங்கிலிருந்த அந்த மனுசியைப் பார்த்துச் சொன்னார். அவரும் மெல்லத் தலையாட்டினார்.

பிறகு சற்று நிறுத்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் இன்னொன்றையும் சேர்த்தார்.

"மேன்முறையீடு முடியும் வரை மனுதாரர் எந்தப் படகிலும் ஏறக்கூடாது. கடலுக்குப் போவது முற்றாகத் தடை செய்யப்படுகிறது."

அரசு அதைக் கேட்கவேயில்லை. சத்தி எடுப்பவருக்கு ஏன் இந்தத் தடை என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. சம்மாட்டியாருக்கு உடனே விளங்கிவிட்டது. குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. நீதிபதியைப் பார்த்துக் கை கூப்பினார். அவரோ அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு திரியாய்க் கடற்கரையில் சம்மாட்டியாரின் நடையே வேறு என்று கேள்விப்பட்டேன். படகு தள்ளும்போது இப்போது சாரம் நனைக்காமல் மணலில் கை கட்டி நிற்பாராம். மீன் வியாபாரிகள் கேட்டால், "நான் என்ன செய்ய, கோட் விடுகுதில்லை" என்று பெருமூச்சு விடுவாராம். ரஞ்சனும் ஆட்களும் சுற்றி நின்று, "பாவம், கடலில்லாமல் மனுசன் வாடிப்போனார்" என்பார்களாம்.

கொழும்பில் முறை வர நாங்கள் பயந்ததைவிடவும் நாள் எடுத்தது. ஒரு நாள் மத்தியானம் தீர்ப்பு வந்தது. தண்டனை இரத்து, முழு விடுதலை. இப்படியான செய்தியைச் சொல்லும் பாக்கியம் எங்கள் தொழிலில் அடிக்கடி வருவதில்லை. உடனே அவருக்கு அழைத்தேன்.

அன்னமக்கா பின்னால் நின்று அழுவது கேட்டது.  

"பிள்ளை" என்றார் சம்மாட்டியார். "விடுதலை எண்டால் எல்லா நிபந்தனையும் போயிடுமோ?"

"ஓம் சம்மாட்டியார், எல்லாம் போச்சு. இனி நீங்கள் நினைச்ச இடத்துக்குப் போகலாம்."

 பிறகு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்தக் கடல் நிபந்தனையை மட்டும் வைச்சிருக்கச் சொல்லி, கொழும்பில இன்னொரு மேன்முறையீடு போட ஏலாதோ?"